ஊசியிலும் ஒரு பங்கு

மீன் பங்கு பிரித்து முடிந்திருந்தது. கரையில் ஏற்றிப் போட்டிருந்த படகின் நிழலில் ஆறு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பந்தியில் இலைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி. எல்லோருடைய இடது கையும் தொடை மேல் நீட்டியிருந்தது. முதல் ஆளின் முழங்கைக்கு மேலே மட்டும் வலைக்கயிறு ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது. அது ஒவ்வொரு கையாக மாறிக்கொண்டே போகும்.

எதிரில் மடித்த சாக்கின் மேல் குந்தியிருந்தார் மிலிட்டரி ராஜு. கண்ணாடி ஊசிக்குழாயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள்ளே இருந்த காற்றுக் குமிழியை விரலால் சுண்டிக்கொண்டிருந்தார். ஒரு குழாய், ஒரே ஊசி. அதில் இருந்த மருந்தை ஆறு பேருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். வரிசையில் கடைசி ஆள் ஏழுமலை. அன்றைக்குத்தான் அவன் அந்த வரிசையில் முதன்முதலாக உட்கார்ந்திருந்தான்.

அவனுடைய மனைவி கன்னியம்மா, நிறை வயிற்றோடு, மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து போனாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நான் அவள் பின்னால் போனேன். சூடான மணல், கருவாட்டு வாடை, அதோடு மிலிட்டரி ராஜுவின் பஞ்சிலிருந்து வந்த ஸ்பிரிட் வாடை. இன்றும் எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் எனக்குக் கூடவே கருவாட்டு வாடையும் அடிக்கிறது.

அங்கே போய் அவள் என்ன செய்தாள் என்று உடனே சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் முன்கதை இல்லாமல் சொன்னால், யாரோ புத்தி பேதலித்தவள் என்று நினைத்துவிடுவீர்கள். வாராவாரம் இந்தப் பத்தியில் என்னோடு வருகிறவர்களுக்கு நான் சுற்றி வளைத்துத்தான் ஊர் போய்ச் சேருவேன் என்று தெரியும். புதிதாக வருகிறவர்கள் மன்னிக்கவும்.

ஊசி போடாத நர்ஸ்

கும்மிடிப்பூண்டி என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் தொழிற்பேட்டையும் லாரியும்தான் ஞாபகம் வரும். நான் வேலைக்குப் போன காலத்தில் அங்கே ரயில் நின்றால், இறங்குகிறவர்களைவிட எட்டிப் பார்க்கிறவர்கள்தான் அதிகம். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பிள்ளைப்பேறு பார்க்கும் நர்ஸ். பிரசவ விடுதியில் வேலை இல்லாத நாட்களில், கிழக்கே ஏரியோர மீனவக் குப்பங்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்து வர வேண்டும். கொஞ்ச தூரம் மாட்டு வண்டி, மீதி நடை.

அந்தக் காலத்தில் ஊசி மேல் ஜனங்களுக்கு இருந்த மோகத்தை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். மாத்திரை கொடுத்தால் முகம் சுளிப்பார்கள். கலர் தண்ணி மருந்து கொடுத்தால் பாட்டிலை ஆட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வார்கள். ஊசி போட்டால்தான் வைத்தியம். அதிலும் உடம்பெல்லாம் சூடு பரவுகிற சுண்ணாம்புச் சத்து ஊசி என்றால், 'இதான்யா ஊசி' என்று எழுந்து உட்காருவார்கள்.

செவ்வாப்பேட்டையில் ரயில்வே கேட்டில் வேலை பார்த்த என் அப்பாவே அப்படித்தான். லீவில் வீட்டுக்குப் போனால் முதல் கேள்வி, "ஊசி எடுத்தாந்தியா?" என்பதுதான். உடம்புக்கு என்ன என்று கேட்டால், "ஒன்னியும் இல்ல. சும்மா ஒண்ணு போட்டு உடு, தெம்பா இருக்கும்" என்பார். நான் மறுத்தால், "ஊசி போடாத நீ இன்னா நர்ஸு?" என்று பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுகிற மாதிரி கேட்பார். ரயில் வராத நேரத்திலும் கேட்டை மூடி வைத்து நாலு பேரைக் காக்க வைக்கிற மனிதர். அவரிடம் யார் வாதாடுவது?

ஊசியைத் தூக்கியெறிகிற வழக்கமும் அப்போது கிடையாது. கண்ணாடிக் குழாய், இரும்பு ஊசி. மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்வோம். ஒருவருக்குப் போட்டால், கழுவி, தண்ணீரில் நன்றாகக் கொதிக்க வைத்த பிறகுதான் அடுத்தவருக்கு. எங்களுக்குப் பாடம் சொன்ன பெரிய நர்ஸம்மா, பாத்திரத்து மூடியைத் தொட்டுப் பார்ப்பார். சூடு குறைவாக இருந்தால் மூடியாலேயே எங்கள் விரலில் ஒரு தட்டு. வலித்தது. அதனால் மறக்கவில்லை.

அசதி ஊசி

மிலிட்டரி ராஜு பர்மா சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கியவர். ஆந்திரப் பக்கத்து ஆள். கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்தார். சண்டை முடிந்து திரும்பும்போது ஒரு காக்கிப் பையும் ஒரு ஊசிக்குழாயும் அவரோடு வந்தன. சைக்கிளில் குப்பம் குப்பமாகப் போய் ஊசி போடுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லோரையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார், கைக்குழந்தையைக்கூட.

அது மதுவிலக்குக் காலம். கள்ளுக்கடை மூடிவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் விடிய விடிய நின்று வலை இழுத்துவிட்டுக் கரைக்கு வருகிறவனின் எலும்பு வலிக்கு எந்தச் சட்டமும் மருந்து தரவில்லை. மிலிட்டரி ராஜு தந்தார். 'அசதி ஊசி' என்று அதற்குக் குப்பத்தில் பெயர். போட்டால் வலி பறந்துவிடும், உடம்பு பஞ்சாகிவிடும், எந்தக் கவலையும் கிட்ட வராது என்றார்கள். உள்ளே இருந்தது மார்பியா. சண்டையில் குண்டடி பட்டவனுக்குப் போடுகிற மருந்து. அவருக்கு அது எங்கிருந்து தொடர்ந்து கிடைத்தது என்று எனக்குக் கடைசி வரை தெரியாது.

அந்தக் குப்பத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

அங்கே பங்கு என்றால் சாமி மாதிரி. வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, இழுக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பங்கு. காய்ச்சலில் படுத்தவனுக்கும் பங்கு உண்டு. ஒரு பீடியைப் பற்றவைத்தால் அது படகைச் சுற்றி வந்துதான் அணையும். ஒருவன் தனியாக எதையாவது தின்றான் என்றால், மறுநாள் அவனோடு வலை பிடிக்க ஆள் வராது. இப்படி இருந்த ஜனங்கள் ஊசியையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு ஊசி என்ற யோசனையே அவர்களுக்கு அசிங்கமாகப் பட்டது. ஒரே குழாயில் மருந்தை ஏற்றி, மூத்தவர் கையிலிருந்து தொடங்கிக் கடைசி ஆள் வரைக்கும், கோடு பார்த்துக் கோடு பார்த்துப் போட்டுக்கொண்டே போவார் மிலிட்டரி. ஒவ்வொரு நரம்பிலும் குத்தி, கொஞ்சம் ரத்தத்தைக் குழாய்க்குள் இழுத்துப் பார்த்துவிட்டு மருந்தைச் செலுத்துவார். கடைசி ஆளுக்கு வரும்போது குழாய் வெற்றிலைச் சாறு நிறத்தில் இருக்கும்.

நான் முதல் தடவை பார்த்தபோது, "கொதிக்க வைக்க மாட்டீங்களா?" என்று கத்தியே விட்டேன்.

"ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கிறேனே, சிஸ்டர்" என்றார் மிலிட்டரி, மிகவும் மரியாதையாக.

முனுசாமியின் இடம்

முதலில் ஒருவனுக்குக் கையில் கட்டி வந்தது. நான் கீறிக் கட்டுப் போட்டேன். அடுத்து இன்னொருவனுக்கு. உப்புத் தண்ணி பட்டுச் சீழ் பிடித்துவிட்டது என்றார்கள். பிறகு முனுசாமிக்குக் கண் மஞ்சளானது. வலை வீசுவதில் அந்தக் கரையிலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், மீனை நிறுத்தினார்கள். நான் வண்டி பிடித்துப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது. திரும்பி வரவில்லை.

அங்கே இருந்த டாக்டர் இளவயதுக்காரர். பொறுமையாகச் சொன்னார். ஒருவன் ரத்தத்தில் இருக்கிற காமாலை ஊசி வழியாக அடுத்தவனுக்குப் போகும். பல பேருக்கு வெளியே தெரியாது, உள்ளேயே ஈரலை அரிக்கும். சில பேருக்குச் சீழ் ரத்தத்தில் ஏறி இதயத்தைக் கெடுக்கும். இது ஒரு பக்கம். அந்த மருந்துக்கு உடம்பு பழகிவிட்டால் அது இல்லாமல் இருக்க முடியாது, அது இன்னொரு பக்கம்.

அந்த இரண்டாவது பக்கத்தை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். மிலிட்டரி வராத நாட்களில் அந்த ஆண்களுக்குக் கொட்டாவி நிற்காது. மூக்கிலும் கண்ணிலும் நீர் வழியும். கொளுத்துகிற வெயிலில் உடம்பு சிலிர்த்து நிற்கும். ஏதோ விஷக் காய்ச்சல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

முனுசாமி போனதும் வரிசையில் ஓர் இடம் காலியானது. அதுவரை ஏழுமலைக்கு அரைப் பங்குதான். வயது குறைவு, கல்யாணமும் புதிது. அரைப் பங்குக்காரனுக்கு ஊசி கிடையாது. இனி அவனுக்கு முழுப் பங்கு என்று முடிவாயிற்று. குப்பமே அவனைத் தட்டிக் கொடுத்தது. கன்னியம்மா மட்டும் என்னிடம் வந்து அழுதாள்.

"முனுசாமி அண்ணன் எடத்துல இவரக் குந்த வெக்கிறாங்க நர்ஸம்மா. அந்த ஊசிய இவரும் போட்டுக்கினு படுத்துட்டா நான் இன்னா பண்ணுவேன்? வயித்துல ஒண்ண வெச்சிக்கினு."

"வேணாம்னு சொல்லச் சொல்லு."

"பங்க வேணாம்னு எவன் சொல்லுவான்? அப்பால எந்தப் படகுல ஏத்துவாங்க?"

நான் குப்பத்துத் தலைவர் தனகோட்டியிடம் போனேன்; ஊசி வரிசையில் முதல் கையும் அவருடையதுதான். ஏழுமலைக்குப் பெரியப்பா முறை. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பங்கு பிரிப்பதில் அவர் கையை யாரும் சந்தேகப்பட்டதே கிடையாது. நான் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். வலைக் கிழிசலை முடிந்துகொண்டே கேட்டார்.

"ஆளுக்கொரு ஊசின்றே. அப்பால ஆளுக்கொரு வலைன்னுவாங்க. ஆளுக்கொரு படகுன்னுவாங்க. ஒண்ணா செத்தாலும் சரி, நர்ஸம்மா, ஒண்ணாத்தான் இருப்போம். பேஜாரு பண்ணாத, போ."

அவர் பேச்சில் ஒரு கம்பீரம் இருந்தது. எனக்கு அதைக் கேட்டுக் கோபம்தான் வந்தது. சாவதிலே என்ன ஒற்றுமை வேண்டிக்கிடக்கிறது?

கரைக்கு வந்த பங்கு

இப்போது நான் முதலில் சொன்ன மணலுக்குத் திரும்புகிறேன்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மீன் படகில் இருக்கிற வரைக்கும் ஆணுடையது. கரைக்கு வந்த பிறகு அது மனைவியுடையது. பங்கை அவள் கூடையில்தான் போடுவார்கள். அவள்தான் விற்பாள், அவள்தான் உலை வைப்பாள். கணவன் தன் பங்கைத் தன் கையால் வாங்கினால் ஊரே கேலி செய்யும்.

கன்னியம்மா போய், மிலிட்டரி ராஜுவுக்கும் வரிசைக்கும் நடுவே நின்றாள். தனகோட்டி தன் கூறில் இருந்தே ஒரு பெரிய மடவை மீனை எடுத்து அவள் கூடையில் போட்டார்.

"முழுப் பங்குக்காரன் பொஞ்சாதி. நல்லா இரு" என்றார்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஏழுமலைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து, இடது கையை நீட்டினாள்.

"மீதிப் பங்கையும் குடு மாமா."

"இன்னா மீதி?"

"ஊசிப் பங்கு. கரைக்கி வந்தா எம்புருசன் பங்க நான்தானே வாங்கணும்? எங்கையில போடு."

ஏழுமலை அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை.

மிலிட்டரி ராஜு ஊசியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேணாம் நைனா... புள்ளத்தாச்சிம்மா. வயித்துல கொழந்த கீது."

"இருந்தா இன்னா? ஸ்பிரிட் போட்டுத் தொடைக்கிறல்ல?"

"அது வேறம்மா..."

"இன்னா வேற? எம்புள்ளைக்கி ஆகாததுன்னு தெரிதில்ல? அப்போ அதுக்கு அப்பனுக்கு மட்டும் எப்டி ஆவும்?"

பிடிவாதத்துக்கு யாராவது போட்டுத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது? நான் முன்னால் ஓடினேன். அதற்குள் தனகோட்டி எழுந்துவிட்டார். மிலிட்டரியின் கையிலிருந்த குழாயைப் பிடுங்கிக்கொண்டார்.

"இவளுக்குக் கெடையாது" என்றார். குழாயை ஒரு தடவை பார்த்துவிட்டு, "இவ புருசனுக்கும் கெடையாது. ஏய் ஏழுமல, எழுந்து போ. மீன எடுத்துக்கினு போ" என்றார்.

ஏழுமலை எழுந்தான். முழுப் பங்கு மீனும் கூடையில் இருந்தது, கையில் ஒரு குத்துகூட இல்லை. கன்னியம்மா அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் போகிற வழியில் அழுது தீர்த்தாள். நானும்தான்.

தனகோட்டியின் இரக்கத்தை அன்று முழுக்கக் குப்பம் பேசியது. நானும் விடுதியில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன்.

அடுத்த நாள்

மறுநாள் நடந்ததை நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். பங்கு பிரித்ததும் மற்ற நாலு பேருடைய மனைவிகளும் வந்து வரிசையாக உட்கார்ந்து கையை நீட்டினார்களாம். "எங்க பங்கையும் எங்களுக்கே போடுங்க." மிலிட்டரி ராஜு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர், பிறகு அந்தக் குப்பத்துப் பக்கம் வரவே இல்லை.

ஊசி நின்றதும் அந்த நாலு பேரும் பட்ட பாடு கொஞ்ச நஞ்சம் இல்லை. வாந்தி, பேதி, கால் நரம்பை முறுக்கிப் பிழிகிற வலி. ஒருவன் ஏரியில் விழப் போனான். பெண்கள் முறை வைத்துக் கஞ்சி ஊட்டினார்கள், திட்டினார்கள், கால் பிடித்துவிட்டார்கள். மெல்ல எழுந்தார்கள். அதில் ஒருவனுக்கு மட்டும் கண் மஞ்சள் பல மாதம் மாறவில்லை.

தனகோட்டிக்குக் கையை நீட்ட மனைவி இல்லை. அவர் கவரைப்பேட்டைக்கு நடந்தே போய், மிலிட்டரியின் வீட்டில் போட்டுக்கொண்டு வந்தார். வலைக்கு வருவது குறைந்தது. பங்கு மட்டும் அவர் கூறில் தவறாமல் விழுந்தது.

பொன்னேரியில்

கன்னியம்மாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நான்தான் எடுத்தேன். அது குப்புற விழுந்து தலை தூக்கிச் சிரிக்கிற சமயத்தில், தனகோட்டி பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிறு வீங்கியிருந்தது. கண் மஞ்சள் பூத்திருந்தது. கை முழுக்கப் பழைய கட்டிகளின் தழும்பு. பார்க்க வேண்டும் என்று கன்னியம்மா கேட்டாள். அவளை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு நான் முதலில் உள்ளே போனேன்.

"ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க?" என்று கேட்டார்.

"உங்களப் பத்தித்தான். அன்னிக்கு நீங்க பண்ண புண்ணியத்துலதான் அந்தக் குடும்பம் நிக்குதுன்னு."

அவர் தலையை அசைத்தார். மூச்சு வாங்கியது.

"மெய்யாலுமே இன்னா நடந்திச்சின்னு சொல்லட்டா? அவ கைய நீட்டினா பாரு, அப்போ எனக்கு இரக்கம் ஒன்னியும் வரல. கொழாயத்தான் பாத்துக்கினு இருந்தேன். ஆறு பேரு கணக்கு. முனுசாமி எடத்துல எதுக்கு இன்னொருத்தன், இருந்தா எம்பங்கு கொறையுமேன்னுதான் இருந்திச்சி. கெடையாதுன்னுட்டேன். அவ்ளோதான்."

தன் கூறிலிருந்து பெரிய மீனை எடுத்து அடுத்தவள் கூடையில் போட்ட மனிதர்தான் இதைச் சொன்னார். காமாலையும் சீழும் நான் படித்தவை, பார்த்தவை. அந்த மருந்து ஒரு மனிதனுக்குள் புகுந்து அந்தக் குணத்தையும் தின்னும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"புள்ளைக்கிப் பேரு வெச்சிட்டாங்களா?" என்றார்.

"வெச்சாச்சு. உங்க பேருதான்."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "மாத்தச் சொல்லு, நர்ஸம்மா" என்றார். "நான் சொன்னத அவ கிட்ட சொல்லி, மாத்தச் சொல்லு."

வெளியே வந்தேன். கன்னியம்மா எழுந்து ஓடி வந்தாள்.

"மாமா இன்னா சொன்னாரு?"

"புள்ளையக் காட்டச் சொன்னாரு" என்றேன்.

அவள் குழந்தையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "யாரு பாரு, உங்க தாத்தாடா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கும். குழந்தை சிரித்துக்கொண்டே அவர் பக்கம் கையை நீட்டியது. அவர் தன் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.